எல்கேடர்: அயோவாவின் கச்சேரி ஊரும் அமீர் அப்துல் காதிரின் பெயரும்

ஓர் ஊருக்கு எவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு, அவ்வூரை நிறுவியவர்கள் எதை மதித்தார்கள் என்பதை ஓரளவு அறியலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரைபடம் குடியரசுத் தலைவர்கள், தளபதிகள், கிறிஸ்தவப் புனிதர்கள், ஐரோப்பியத் தாயகத்து நகரங்கள் ஆகியவற்றின் பெயர்களால் நிறைந்துள்ளது. அவற்றுக்கிடையே, மிசிசிப்பிப் பேராற்றுக்குச் சில மைல் மேற்கே, அயோவா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் எல்கேடர் என்றொரு சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 1,209 பேர். கிளேட்டன் என்னும் கவுண்டியின் தலைமையூர் அது. அதன் பெயருக்கு உரியவர் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) ஆவார்.

கவுண்டி என்பதை நம் நாட்டு வழக்கில் வட்டம் அல்லது தாலுகா என்று சொல்லிக்கொள்ளலாம். எனினும் அதன் அதிகாரம் தாலுகாவினுடையதைவிட மிகுதி. வரி தண்டுதல், நிலப்பதிவு, நீதி, காவல், சாலை, தேர்தல் ஆகிய அனைத்தும் அதன் கையில் உள்ளன. முன்னாளில் நம் முன்னோர் 'கச்சேரி' என்று அழைத்த அலுவலகம் எந்த ஊரில் உள்ளதோ, அதுவே கவுண்டித் தலைமையூர். அயோவாவில் இத்தகைய கவுண்டிகள் 99. அஸ்மாவுல் ஹுஸ்னா என்னும் இறைத்திருநாமங்களின் எண்ணிக்கையும் அதுவே. இது தற்செயலான பொருத்தம்தான். ஆயினும், அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றன் தலைமையூர் தன்னை அறியாமலே அத்திருநாமங்களுள் ஒன்றைச் சுமந்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது. 'அப்து' என்னும் அடிமைச் சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது 'அல் காதிர்', அதாவது ஆற்றல் மிக்கவன் என்னும் பெயர். நம் ஊர்களிலும் அப்துல் காதிரைக் 'காதர்' என்று சுருக்கி அழைக்கிறோம். ஆலிம்கள் அதைத் திருத்துகிறார்கள். நாமோ பழக்கத்தை விடுவதில்லை. அயோவாவின் உழவர்களும் அதே சுருக்கத்தைச் செய்து, தங்கள் நாவுக்கேற்ப எல்கேடர் என்று ஒலிக்கிறார்கள்.

இந்தச் சிற்றூரின் வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் ஆராய்வது வெறும் வியப்புச் செய்தியொன்றை அறிவதற்காக அன்று. ஒரு முஸ்லிம் தலைவரின் பெயரைத் தொலைதூரக் கிறிஸ்தவ உழவர்கள் எப்போது, எதற்காகத் தங்கள் ஊருக்கு இட்டார்கள். அப்பெயர் பின்வந்த தலைமுறைகளிடம் எதை வேண்டி நின்றது என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன.

ஆறும் ஆலையும்

எல்கேடர் அமைந்துள்ள நிலம், அயோவாவைப் பற்றி நாம் கேள்விப்பட்டுள்ள சமவெளியைப் போன்றதன்று. பனியுகத்தின் கடைசிப் பனிப்பாளங்கள் தொடாமல் விட்ட மேட்டுப் பகுதியைச் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், ஊற்றுகள், மரமடர்ந்த சரிவுகள் ஆகியவை அங்குண்டு. ஊரின் நடுவே ஓடுவது டர்க்கி ஆறு. பெயரைக் கேட்டதும் துருக்கி நாட்டை எண்ணிவிட வேண்டாம். அங்குள்ள காடுகளில் திரிந்த வான்கோழியைக் குறிக்கும் பெயர் அது. குன்றுகளுக்கிடையே வளைந்தோடி மிசிசிப்பியில் கலக்கும் அவ்வாறுதான் இவ்வூர் பிறந்ததற்குக் காரணம்.

அக்காலத்தில் புதுக் குடியேற்றம் ஒன்றுக்கு முதன்மையாக வேண்டியிருந்தது மாவாலை. கோதுமை விளைவித்த உழவன் அதை அரைக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தால் அவன் உழைப்பில் பாதி வண்டிப் பாதையிலேயே கழிந்துவிடும். நீர் விசையால் கல் சுழலும் ஆலை எங்கு அமைகிறதோ அங்கே கொல்லன் வருவான்; கடை வரும்; தங்குமிடம் வரும்; தேவாலயம் வரும். டிமதி டேவிஸ், ஜான் தாம்ஸன், செஸ்டர் சேஜ் ஆகிய மூவர் சேர்ந்து டர்க்கி ஆற்றங்கரையில் ஆலைக்குரிய இடத்தைத் தேர்ந்து, 1846இல் மனைகளை அளந்து ஊரை வகுத்தனர். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அயோவா ஐக்கிய நாடுகளின் ஒரு மாநிலமாயிற்று. ஊரும் மாநிலமும் ஒரே வயதுடையவை.

மூவருள் டேவிஸ் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் 1857 முதல் 1859 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தவர். ஊருக்கு அமீரின் பெயரைச் சூட்டியவர் அவரே. 1872இல் அவர் இறந்ததும் இவ்வூரிலேதான்.

பெயருக்குரியவர்

1846ஆம் ஆண்டில் அமீர் அப்துல் காதிர் எங்கே, எந்நிலையில் இருந்தார் என்பதை நினைவிற்கொள்வது இங்கு இன்றியமையாதது.

அவர் 1808இல் மேற்கு அல்ஜீரியாவின் முஅஸ்கர் நகருக்கு அண்மையிலுள்ள கைத்னா என்னும் ஊரில் பிறந்தார். ஐரோப்பியர் மஸ்காரா என எழுதும் அந்நகரின் பெயருக்குப் படைவீடு என்று பொருள். தந்தையார் முஹ்யித்தீன், காதிரிய்யா தரீகாவின் ஸாவியா ஒன்றின் தலைவர். இளமையிலேயே மறையோதி, தந்தையாருடன் ஹஜ்ஜுக்குச் சென்று, டமாஸ்கஸும் பக்தாதும் கண்டு, பக்தாதில் கௌதுல் அஃளம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஸியாரத் செய்து திரும்பியவர் அவர்.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. இரண்டாண்டுகள் கழித்து, 1832 நவம்பர் 27ஆம் நாள், முஅஸ்கரை அடுத்த கிரீஸ் சமவெளியில் குலத்தலைவர்கள் கூடி அவருக்குப் பைஅத் செய்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் ஐரோப்பாவின் பெரும்படைகளுள் ஒன்றை எதிர்த்து நின்றார். 1835 ஜூனில் மக்தாவில் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய தலைநகரான முஅஸ்கர் எரியூட்டப்பட்டது. 1837இன் தஃப்னா உடன்படிக்கை நாட்டின் உட்பகுதியில் பெரும்பாலானதை அவரது ஆட்சிக்குரியதாக ஏற்றுக்கொண்டது. 1839இல் போர் மீண்டும் மூண்டது.

போர்வீரர் என்ற அளவில் மட்டும் அவரைக் காண்பது முழுமையாகாது. தம் ஆட்சிப் பகுதியை எட்டு மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலீஃபாவை அமர்த்தி, அவர்களின் கீழ் ஆகாக்களையும் காயிதுகளையும் நியமித்தார். நீதி வழங்கும் காளிகளுக்கு ஊதியம் வகுத்தார், நாணயம் அச்சிட்டார், வரியை ஒழுங்குபடுத்தினார். சிறைப்பட்ட எதிரிகளைக் கொல்லாமலும் வதைக்காமலும் நடத்த வேண்டும் என்று தம் படைக்கு விதித்தார். உள்ளூர் நிருவாகத்தின் அருமை உணர்ந்த ஒருவரின் பெயர் ஒரு கச்சேரி ஊருக்கு வாய்த்தது என்பதில் ஒரு நயம் உண்டு.

1843 மே மாதத்தில் அவருடைய நடமாடும் தலைநகரமான ஸ்மாலாவைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களும் அவருடைய நூலகமும் அதில் சிக்கின. அதன் பின்னரும் அவர் பணியவில்லை. 1846இல், அயோவாவின் காட்டாற்றங்கரையில் மூவர் நின்று ஊர் வகுத்தபோது, அமீர் மலைகளிலும் பாலையிலும் இடம் மாறி மாறிப் போரிட்டுக்கொண்டிருந்தார். 1847 டிசம்பரில்தான் அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்.

ஆண்டுக்கணக்கு சொல்லும் செய்தி

இந்த ஆண்டுக்கணக்கை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமீரை மேலைநாட்டார் போற்றியதைப் பேசும்போது, 1860 ஜூலையில் டமாஸ்கஸில் நடந்ததையே எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட நாட்களில், அங்குக் குடியிருந்த அமீர், தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருவில் இறங்கி, ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திலும் கோட்டையிலும் சேர்த்துக் காத்தார். மார்க்கம் தம்மீது விதித்த கடமையென்றே அதைக் கருதினார். பிரான்சு தன் உயர்ந்த விருதை வழங்கியது. போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸும் பதக்கம் அனுப்பினார். ஆபிரகாம் லிங்கன் ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கிகளை அன்பளிப்பாக அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. காக்கசஸின் இமாம் ஷாமிலும் பாராட்டி மடல் எழுதினார்.

எல்கேடரோ இதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே பெயர் பெற்றுவிட்டது. கிறிஸ்தவர்களைக் காத்தவர் என்பதற்காக அவர்கள் அவரைப் போற்றவில்லை. ஒரு கிறிஸ்தவப் பேரரசை எதிர்த்துத் தம் மண்ணைக் காத்து நின்ற காலத்திலேயே போற்றினார்கள். முஸ்லிம் ஒருவர் தமக்கு நன்மை செய்தால்தான் நல்லவர் என்னும் அளவுகோல் அங்கே எழவில்லை. அமெரிக்கர்களின் பாட்டன்மார் பிரித்தானிய மன்னனை எதிர்த்து விடுதலை பெற்று எழுபதாண்டுகளே ஆகியிருந்தன. அமீரின் போர்ச் செய்திகளை அன்றைய அமெரிக்க நாளிதழ்கள் தொடர்ந்து வெளியிட்டன. ஆதிக்கத்தை எதிர்ப்பவனிடம் தம் சொந்த வரலாற்றின் சாயலைக் காணும் மனம் அக்குடியேறிகளிடம் இருந்தது.

ஆனால் அந்த மனத்தின் மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகும். கிரீஸ் சமவெளியில் பைஅத் நடந்த அதே 1832ஆம் ஆண்டில், மிசிசிப்பிக் கரையில் மற்றொரு போர் முடிவுற்றது. சாக் குலத்தின் முதிய தலைவரான பிளாக் ஹாக், இழந்த தம் விளைநிலத்துக்குத் திரும்ப முயன்று தோற்றார். அந்தப் போரின் விலையாக, அவ்வாண்டு செப்டம்பரில் சாக், மெஸ்குவாக்கி மக்கள் அயோவாவின் கிழக்கோரப் பெருநிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1833 ஜூன் முதல் நாள் அந்நிலம் வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது.

டர்க்கி ஆற்றின் மேற்பகுதியில் ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்கள் அரசால் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களைக் கண்காணிக்க 1840இல் அட்கின்ஸன் கோட்டை எழுப்பப்பட்டது. எல்கேடர் பிறந்த 1846ஆம் ஆண்டின் அக்டோபரில் அவர்களிடமிருந்து அந்நிலமும் ஒப்பந்தத்தால் பெறப்பட்டது. 1848இல் அவர்கள் வடக்கே மின்னசோட்டாவுக்கு வெளியேற்றப்பட்டனர். அதே 1848இல் அமீர் பிரான்சில் சிறையிருந்தார். கிழக்கே அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ செல்ல விடுவோம் என்று சரணடைந்தபோது தந்த வாக்குறுதியைப் பிரெஞ்சு அரசு மீறியிருந்தது. தூலோன், போ, அம்ப்வாஸ் என இடம் மாற்றி 1852 வரை அவரைக் காவலில் வைத்தது. அவருடன் சிறையிருந்த உறவினர், பணியாளர் பலரின் கல்லறைகள் அம்ப்வாஸ் கோட்டைத் தோட்டத்தில் இன்றும் உள்ளன.

ஒரே ஆற்றின் கரையில், ஒரே காலத்தில், தொலைவிலுள்ள நிலமீட்புப் போராளியைப் போற்றியவர்கள், அண்டையில் நிலமிழந்தவரின் இடத்திலேயே வீடு கட்டினார்கள். தொலைவிலுள்ளவனின் நியாயம் எளிதில் விளங்குகிறது. அண்டையிலுள்ளவனின் நியாயம் நம் நலனோடு மோதுவதால் விளங்க மறுக்கிறது. இது எல்கேடரின் குறை மட்டுமன்று. நம்மையும் உள்ளிட்டு எல்லாச் சமூகங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. மெஸ்குவாக்கி மக்கள் 1857இல் அயோவாவின் டாமா கவுண்டியில் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி மீண்டும் வேரூன்றினார்கள் என்பதையும், இன்றும் அங்கு வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கச்சேரி ஊரின் நாட்கள்

ஊர் பிறந்தவுடனே தலைமைப் பதவி அதற்குக் கிடைத்துவிடவில்லை. கிளேட்டன் கவுண்டியின் கச்சேரி, மிசிசிப்பிக் கரையிலுள்ள கட்டன்பர்க், உள்நாட்டிலுள்ள கார்னவில்லோ, எல்கேடர் ஆகிய ஊர்களுக்கிடையே மாறி மாறிச் சென்றது. கட்டன்பர்க் என்பது அச்சுக்கலையின் தந்தையான கூட்டன்பர்க்கை நினைத்து ஜெர்மானியக் குடியேறிகள் ஏற்ற பெயர். அச்சாளரின் ஊருக்கும் அமீரின் ஊருக்கும் நடந்த போட்டியில் 1860 முதல் எல்கேடர் நிலைபெற்றது. இத்தகைய போட்டிகள் அக்காலத்தில் நாடெங்கும் கடுமையாக நடந்தன. கச்சேரி இருக்கும் ஊருக்கு வழக்கறிஞரும், பதிவேட்டு எழுத்தரும், வழக்காட வருவோரும், அவர்களுக்கு உணவும் இடமும் தருவோரும் வந்து சேர்வர். கச்சேரியை இழந்த ஊர் பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

நீதிமன்றக் கட்டடம் 1860களிலும் 1870களிலும் கட்டங்கட்டமாக எழுந்தது. பின்னர் மணிக்கூண்டும் சேர்ந்தது. அதனுள் நடக்கும் பணிகளே அந்நாட்டுச் சிற்றூர் வாழ்வின் முதுகெலும்பு. அமெரிக்க அரசு மேற்கு நிலங்களை ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் முப்பத்தாறு பிரிவுகளாக வகுத்தது. ஒரு பிரிவு 640 ஏக்கர். பதினாறாம் பிரிவின் வருவாய் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கப்பட்டது. குன்றும் ஆறும் வளைந்து செல்லும் இந்த நிலத்தின்மேல் அந்த நேர்க்கோடுகள் விழுந்தபோது, எவருடைய வேலி எங்கு முடிகிறது என்பதற்குக் கச்சேரியின் பதிவேடே சான்றாயிற்று. விற்பனைப் பத்திரம், அடைமானம், மரபுரிமை, பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகிய அனைத்தும் பதிவாகும் இடம் அது.

இன்றும் அயோவாவில் நிலவரி இரு தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. ஒன்று செப்டம்பர் இறுதிக்குள், மற்றொன்று மார்ச் இறுதிக்குள். வண்டிகளுக்குரிய பதிவும் கவுண்டிப் பொருளாளர் அலுவலகத்தில்தான். இளையோர் மணமுடிக்க உரிமச்சீட்டுப் பெறுவதும், முதியவர் தம் பிறப்புச் சான்றுக்கு விண்ணப்பிப்பதும் பதிவாளரிடம். ஆகவே குன்றுகளிடையே சிதறிக் கிடக்கும் பண்ணைகளின் மக்கள் ஏதேனும் ஒரு காரணத்தால் எல்கேடருக்கு வந்தே ஆக வேண்டும். வந்தவர்கள் வித்துகளும் மருந்தும் வாங்குவர். தேநீருக்குப் பதிலாகக் காப்பி அருந்துவர். மழையையும் சோள விலையையும் பேசுவர். தாலுகா ஊர்களில் நம் உழவர் பேசுவதும் இதுவே.

ஊரின் பெருமை கச்சேரிக்கு அடுத்தபடியாகப் பாலம். 1889இல் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் இரட்டை வளைவாகக் கட்டப்பட்ட கீஸ்டோன் பாலம் 346 அடி நீளமுடையது. ஒவ்வொரு வளைவின் அகலமும் 84 அடி. இரும்பு எளிதில் கிடைக்கத் தொடங்கிவிட்ட காலத்திலும் அவ்வூரார் கல்லையே தேர்ந்தனர். தம் குன்றின் கல், தம் கொத்தர்களின் கை என்னும் நம்பிக்கை அதில் தெரிகிறது. இன்றும் அப்பாலத்தின் மேல் வண்டிகள் செல்கின்றன. 1903இல் நாடக அரங்கம் ஒன்று எழுப்பப்பட்டது. சில நூறு வீடுகளே உள்ள உழவர் ஊர் நாடகத்துக்கும் இசைக்கும் மாளிகை கட்டிக்கொண்டது அக்காலத்துச் செழிப்பைக் காட்டும்.

அந்தச் செழிப்பு கோதுமையில் தொடங்கியது. பூச்சியும் மண் சோர்வும் கோதுமையைத் தாக்கியபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உழவர்கள் பால்மாடுகளுக்கும் பன்றி வளர்ப்புக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறினர். ஊரைப் பெற்றெடுத்த மாவாலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், நார்வேஜியர் ஆகியோரின் வழித்தோன்றல்களே மக்களுள் பெரும்பாலோர். கத்தோலிக்க தேவாலயமும் லூத்தரன் தேவாலயமும் வாரத்தை வகுக்கின்றன. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு நிரப்புகிறது. 1900இல் இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த கிளேட்டன் கவுண்டியில் 2020இல் 17,043 பேரே இருந்தனர். எந்திரம் வந்தது, பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன, பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர். கச்சேரி மட்டும் இல்லாதிருந்தால் எல்கேடர் இன்னும் சிறுத்திருக்கும்.

மறதியும் மீட்சியும்

நாட்செல்லச் செல்ல, ஊரின் பெயர் அவ்வூராருக்கு வெறும் ஒலியாயிற்று. அமீர் 1883இல் டமாஸ்கஸில் மறைந்து, அவர் ஆசானாக மதித்த இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் அண்மையில் அடக்கமானார். அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்ற பின்னர், 1960களில் அவரது உடல் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அயோவாவில் முஸ்லிம்கள் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இன்றைய லெபனான், சிரியா பகுதிகளிலிருந்து வந்தவர்கள் முதுகில் மூட்டை சுமந்து பண்ணை பண்ணையாகத் துணியும் ஊசியும் விற்றனர். எல்கேடருக்குத் தெற்கே உள்ள சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1934இல் அவர்கள் எழுப்பிய சிறு பள்ளிவாசல், பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று அந்நாட்டில் இன்றுவரை நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானது. 'அமெரிக்காவின் தாய்ப் பள்ளி' என்று அதை அழைக்கிறார்கள். அமீரின் பெயர் அந்த மாநிலத்துக்கு வந்து, அவருடைய மார்க்கத்தார் அங்கே ஸஜ்தா செய்யப் பள்ளி எழும்ப எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

பெயர் மீண்டும் பொருள் பெற்றது 1984இல். அவ்வாண்டு எல்கேடரும் அமீரின் முஅஸ்கரும் உடன்பிறப்பு நகரங்களாயின. அமெரிக்க உழவர்கள் கடனில் மூழ்கிப் பண்ணைகளை இழந்துகொண்டிருந்த கடுமையான ஆண்டுகள் அவை. அந்நாட்களில் ஒரு சிற்றூர், தன்னைவிடப் பலமடங்கு பெரிய அல்ஜீரிய நகரத்துடன் உறவு கொண்டது. வருகையும் மறுவருகையும் நிகழ்ந்தன. அமீர் யார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டறிந்தனர்.

2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்காவில் அரபுப் பெயர் தாங்குவது எளிதாக இருக்கவில்லை. எல்கேடர் தன் பெயரை மறைக்க முயலவில்லை. மாறாக அதை உரத்துச் சொல்லத் தொடங்கியது அதன் பின்னர்தான். அந்தப் பத்தாண்டில் அல்ஜீரியாவில் பிறந்த ஒருவர் அங்கு வந்து உணவகம் தொடங்க, அயோவாவின் உழவர்கள் குஸ்குஸ் உண்ணப் பழகினர். 2008 ஜூனில் டர்க்கி ஆறு வரலாறு காணாத அளவு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. அப்போது துயர்துடைக்க அல்ஜீரியாவிலிருந்து நிதியுதவி வந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் சூட்டப்பட்ட ஒரு பெயருக்கு, அப்பெயருக்குரியவரின் நாடு செலுத்திய நன்றி அது.

அதே 2008இல் ஜான் டபிள்யூ. கைஸர் எழுதிய அமீரின் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதையொட்டி எல்கேடரை இருப்பிடமாகக் கொண்டு அமீரின் பெயரில் ஒரு கல்வித் திட்டம் உருவாயிற்று. அமீரின் வாழ்வைக் கற்று எழுதும் மாணவர்களுக்கு அது கட்டுரைப் போட்டி நடத்தியது. ஊர் வகுத்தோர் நாளிதழில் படித்தறிந்த அமீரை அவர்களின் வழித்தோன்றல்கள் நூலில் படித்தறிந்தனர். இடைப்பட்ட தலைமுறைகள் இழந்ததை இவர்கள் உழைத்து மீட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

பெயர் ஓர் அமானிதம்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இப்பெயர் அந்நியமன்று. அமீரின் குடும்பம் சார்ந்திருந்த காதிரிய்யா தரீகாவே நம் கடற்கரை ஊர்களின் தைக்காக்களிலும் திக்ரு மஜ்லிஸ்களிலும் வாழ்ந்த தரீகா. ரபீஉல் ஆகிர் மாதத்தில் முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயரால் ஃபாத்திஹா ஓதாத பழைய ஊர்கள் குறைவு. குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாம் அறியும் ஞானியின் இயற்பெயரும் சுல்தான் அப்துல் காதிர்தான். 1792இல் பிறந்து 1838இல் மறைந்த அவர் அல்ஜீரிய அமீரின் காலத்தவர். ஒருவர் தொண்டி நாட்டிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் தவமிருந்தார்; மற்றவர் அட்லஸ் மலைகளில் போர்க்கொடி ஏந்தினார். இருவருக்கும் பெயர் வந்த ஊற்று பக்தாதில் உள்ளது. அந்த ஊற்றின் ஒரு துளிதான் அயோவாவின் வான்கோழி ஆற்றங்கரையிலும் விழுந்தது.

ஆயினும் பெயர் இருப்பதால் மட்டும் பெருமை வந்துவிடுவதில்லை என்பதையும் எல்கேடரின் வரலாறு காட்டுகிறது. பெயரைச் சூட்டியவர்கள் விடுதலையைப் போற்றினார்கள். ஆனால் அண்டை வீட்டார் அதே விடுதலையை இழந்ததைக் காணவில்லை. அவர்களின் பேரர்கள் பெயரை வைத்திருந்தார்கள். ஆனால் பொருளை மறந்தார்கள். பொருளைத் தேடியெடுத்த தலைமுறையே பெயருக்கு உரிமை பெற்றது. ஸூரா ஹுஜுராத் கற்பிக்கும் 'தஆருஃப்', அதாவது ஒருவரையொருவர் அறிதல், பெயரைத் தெரிந்துகொள்வதோடு நின்றுவிடுவதன்று. அதற்கு நூல் வேண்டும்; பயணம் வேண்டும்; வெள்ளத்தில் கைகொடுக்கும் நெஞ்சும் வேண்டும்.

நம் ஊர்களில் காதர் மொஹிதீன்களும் அப்துல் காதிர்களும் எண்ணற்றோர். நம் தெருக்களும் பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் பெரியோர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அவர்கள் யார், எதற்காக நின்றார்கள், அநீதியின் முன்னும் அடைக்கலம் கேட்டு வந்தவனின் முன்னும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விடை கிடைக்குமா? ஆயிரத்திருநூறு பேர் வாழும் கிறிஸ்தவ உழவர் ஊரொன்று தன் பெயருக்குரிய முஸ்லிமைத் தேடிப் படித்திருக்கிறது. பெயரை வாழையடி வாழையாகப் பெற்றுள்ள நாம் அந்தத் தேடலில் அவர்களுக்குப் பின்தங்கிவிடலாகாது.

அல்லாஹ்வே அல் காதிர். ஆற்றல் அனைத்தும் அவனுடையது. பெயர்களைக் காக்கும் பொறுப்பை மட்டும் அவன் அடியார்களிடம் அமானிதமாக விட்டிருக்கிறான்.